தங்கை மகளைத் தத்தெடுக்கத் தாள் சேர்த்த மூன்று வாரம்

இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுவது மலைப்பாதைகளையும் மலிவான தங்குமிடங்களையும் பற்றி. இந்த முறை அப்படி எதுவும் இல்லை. சென்ற ஐப்பசியில் மூன்று வாரம் குமரி மாவட்டத்தில் சுற்றினேன். கடலைப் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் அலுவலகங்கள், ஜெராக்ஸ் கடைகள், பேருந்து நிலையங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் உள்ள உறவுக்காரக் குழந்தையைத் தத்தெடுக்க நினைக்கும் சிலர் இதைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். எழுத மனம் வர நான்கு மாதம் ஆனது.

முதலில் கதை. நானும் மனைவி ஷீபாவும் அயர்லாந்தில் இருக்கிறோம். அவள் நர்ஸ், எனக்கு ஒரு கிடங்கில் வேலை. கல்யாணமாகிப் பதினான்கு வருடம், குழந்தை இல்லை. எனக்கு ஒரே தங்கை, லலிதா. இரண்டு வருடத்துக்கு முன் புற்றுநோயில் இறந்துபோனாள். அவளுடைய கணவன் சிவதாணு குவைத்தில் டிரைவர். எல்லாரும் தாணு என்றுதான் கூப்பிடுவோம். அவர்களுக்கு ஒரே மகள், நிஷா, எட்டு வயது. லலிதா போன பிறகு தாணுவின் அண்ணன் வீட்டில், தோவாளையில் வளர்கிறாள். அங்கே ஏற்கெனவே மூன்று பிள்ளைகள்.

லலிதா இறந்து சில மாதம் கழித்துத் தாணு குவைத்திலிருந்து ஃபோன் செய்தான். "அத்தான், பிள்ளைய நீங்களே எடுத்துக்கிடுங்க. மாமி கைல வளந்தா நல்லா இருப்பா. நான் இங்க கெடந்து என்ன செய்யட்டும்?" ஷீபா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில்தான்.

தாய்மாமன் தத்தெடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. எங்கள் நாட்டு ஏஜென்சி வீட்டுக்கு வந்து, சம்பளம், உடல்நலம், படுக்கையறை ஜன்னல்வரை பார்த்து அறிக்கை எழுத ஒரு வருடம் ஓடியது. அது முடிந்ததும் இந்தியப் பக்கத்துத் தாள்கள். ஷீபாவுக்கு லீவு இல்லை. நான் தனியாக வந்தேன்.

திருவனந்தபுரத்தில் விடிகாலையில் இறங்கி, நாகர்கோவில் போகும் பாசஞ்சர் ரயிலைப் பிடித்தேன். இரணியலுக்கு ஒன்றரை மணி நேரம். விமான நிலையத்திலிருந்து டாக்சி பிடிக்கலாம், ஆனால் அந்தப் பணத்துக்கு ரயிலில் ஐம்பது முறைக்கு மேல் போய்வரலாம். இரணியலில் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். மாடி அறை ஒன்று என்னிடம் இருக்கிறது. பெட்டியை வைத்துவிட்டு அன்றைக்கே எங்கள் கிறிஸ்தவ சபையின் அலுவலகத்துக்குப் போனேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மூன்று வாரமும் அப்படித்தான்.

நான் தீர்க்க வேண்டிய முதல் சிக்கல் லலிதாவின் பெயர். ஞானஸ்நானத்தில் அவள் எஸ்தர் லலிதா. பள்ளிச் சான்றிதழில் லலிதா எஸ்தர். தாணுவைக் கல்யாணம் செய்து, சைவக் குடும்பத்துக்கு மருமகளாகப் போன பிறகு வெறும் லலிதா. இறப்புச் சான்றிதழிலும் அதுதான். மூன்றும் ஒரே பெண் என்று நிரூபிக்க வேண்டும். அந்தப் பெண் என் தங்கை என்றும் நிரூபிக்க வேண்டும். அப்போதுதான் அவள் பெற்ற பிள்ளைக்கு நான் தாய்மாமன்.

சபையில் ஞானஸ்நானப் பதிவின் நகல் அரை மணி நேரத்தில் கிடைத்தது. உடன்பிறந்தவர்கள் என்ற சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு, கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். ஆனால் அவரும் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"கூடப்பெறந்தவிய எத்தன பேரு?"

"ஒரு தங்கச்சி."

"இப்பம் எங்க இருக்காவ?"

"இறந்துட்டா சார்."

"எப்பம்?"

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். இதே கேள்விகளை வருவாய் ஆய்வாளரின் ஆர்.ஐ. அலுவலகத்தில் கேட்டார்கள், தக்கலை தாலுகா அலுவலகத்தில் கேட்டார்கள், நோட்டரியும் கேட்டார். யாரும் கடுமையாகப் பேசவில்லை. சிலர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு மேசையிலும் நான் என் தங்கையை மறுபடி சாகடித்துவிட்டு வெளியே வந்தேன். அந்தச் சோர்வு கால்வலியைவிடப் பெரிது. யாராவது கூட வந்திருந்தால் பாதிக் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியிருப்பார்கள். இதை ஒரு ஆலோசனையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் தோவாளைக்குப் போனேன். இரணியலில் இருந்து நேர் வண்டி கிடையாது. நாகர்கோவில் வந்து, வடசேரி பேருந்து நிலையத்தில் திருநெல்வேலிப் பக்கம் போகும் வண்டி ஏற வேண்டும். வடசேரியில் இருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் எக்ஸ்பிரஸ் வண்டிகள் தோவாளையில் நிற்காது. ஏறுமுன் கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் ஏறி, ஆரல்வாய்மொழியில் இறங்கித் திரும்பி வந்தேன்.

பூச்சந்தை முடிந்து, சாலையோரம் நசுங்கிய பிச்சிப்பூவாகக் கிடந்தது. தாணுவின் அண்ணன் சந்தையில் பூ எடை போடுபவர். அவர் மனைவி செல்வி வாசலுக்கு வந்து, "வாங்க அண்ணே, என்ன இப்பிடி நனஞ்சிட்டு வாறிய?" என்று துண்டைக் கொடுத்தாள். பின்னாலேயே நிஷா வந்தாள். லலிதாவின் நெற்றி, தாணுவின் காது. ஃபோனில் பேசிப் பழகிய பிள்ளை என்பதால் கூச்சம் இல்லை. நேராகக் கேள்விக்கு வந்துவிட்டாள்.

"மாமா, அங்க ஸ்கூலுக்கு பஸ்ஸு வருமா, நடக்கணுமா?"

"நடந்தே போகலாம். பக்கந்தான்."

"மழ பெய்தா?"

"அங்க எப்பவும் மழதான் மக்கா."

"அப்பம் லீவு விடுவாவளா?"

"மழைக்கெல்லாம் விடமாட்டாவ."

"பின்ன என்னத்துக்குப் பெய்யணும்?" என்றாள்.

செல்வி சிரித்துவிட்டாள். எனக்கும் அந்த மூன்று நாளில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. மதியம் சோறும் அவியலும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது செல்வி வாசல்வரை வந்தாள். "அண்ணே, நான் அவளுக்கு ஒரு கொறையும் வைக்கல. அத நீங்க அங்க எழுதிக் குடுக்கும்போது நல்லபடியா எழுதணும்" என்றாள். அவளையும் விசாரித்து, குழந்தையின் குடும்பப் பின்னணி பற்றி ஒரு அறிக்கை எழுதுவார்கள். அதை எழுதுவது நான் இல்லை, அலுவலர்கள்தான் என்று சொன்னேன். அவளுக்கு அது இன்னும் பயமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்து அஞ்சுகிராமம். நிஷா பிறந்தபோது தாணுவும் லலிதாவும் அங்கே வாடகை வீட்டில் இருந்தார்கள். தாணு அப்போது லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். பிறப்பைப் பதிவு செய்தது அங்கேதான். நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்தில் இருந்து முக்கால் மணி நேரம். இப்போதெல்லாம் இணையத்திலேயே பிறப்புச் சான்றிதழ் எடுத்துவிடலாம் என்பீர்கள். எடுத்துப் பார்த்தேன். பெற்றோர் பெயர் இருந்தது, குழந்தை பெயர் இடத்தில் ஒன்றும் இல்லை. குழந்தை பிறந்தவுடன் பதிவு செய்துவிட்டு, பெயர் வைத்த பிறகு போய்ச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். நிறைய வீடுகளில் நடப்பதுதான். பெயர் சேர்க்க அப்பா கையெழுத்து வேண்டும், அப்பா குவைத்தில். சம்மதம் கொடுக்க அவன் லீவில் வருவதற்குள் இது முடிந்தாக வேண்டும் என்று விண்ணப்பத்தைத் தாணுவுக்கு அனுப்பி, அவன் அங்கே கையெழுத்துப் போட்டு, ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்துவிட, அந்த ஒரு தாளுக்கு மட்டும் ஒன்பது நாள் ஆனது.

அந்த ஒன்பது நாளில் அஞ்சுகிராமத்துக்கு நான் இன்னும் இரண்டு முறை போனேன். ஒரு தடவை, லலிதா குடியிருந்த வீட்டுப் பக்கம் நடந்தேன். வீட்டை இடித்துக் கட்டியிருந்தார்கள். தெரு முனையில் ஒரு கடையில் ஏத்தம்பழ பஜ்ஜியும் டீயும் நன்றாக இருந்தன. அந்த ஊரைப் பற்றி வேறு சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தாணு பத்து நாள் லீவில் வந்து சேர்ந்தபோது என் பையில் எல்லாத் தாளும் இருந்தது. எங்கள் கல்யாணச் சான்று, போலீஸ் சான்று, அயர்லாந்து அறிக்கை, லலிதாவின் மூன்று பெயர்களுக்கான பிரமாணப் பத்திரம், பெயர் சேர்த்த பிறப்புச் சான்றிதழ். இல்லாதது இரண்டுதான்: பெற்ற தகப்பனின் சம்மதம், குழந்தையின் சம்மதம். இரண்டையும் அலுவலர் முன்னால் கொடுக்க வேண்டும். அதற்கு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகப் பக்கம் உள்ள குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒரு வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.

தாணு மெலிந்திருந்தான். நிஷா அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வாங்கிய உடுப்பு போட்டிருந்தாள். அலுவலர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. நிஷாவை இன்னொரு பெண்ணோடு பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, சம்மதப் படிவத்தைக் கையில் எடுத்தார். படிக்கத் தெரியும் என்று தாணு சொல்லியும் கேட்காமல், அவரே ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசித்து, விளக்கம் சொன்னார்.

"ஏன் குடுக்கிறீங்க?" என்று கேட்டார்.

"வெளிநாட்டுல வேலை மேடம். பாத்துக்கிட ஆள் இல்ல."

"சரி. உத்தரவு ஆனதுக்கப்புறம் சட்டப்படி நீங்க அப்பா இல்ல. புதுசா பிறப்புச் சான்றிதழ் குடுப்பாங்க. அதில அப்பா பேரு இவரோட பேரு, எட்வின்; அம்மா பேரு ஷீபா. தெரியுமில்ல?"

தாணு என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். "அப்பம் லலிதாக்க பேரு?"

"அதில இருக்காது."

"எங்கயும் இருக்காதா?"

"பழைய ஆவணங்கள்ல இருக்கும். பாப்பாவோட சான்றிதழ்ல இருக்காது."

ஷீபாவின் பெயர் வரும் என்பதை ஆயிரம் தடவை நினைத்திருக்கிறேன். அது வந்து உட்காரும் இடம் என் தங்கையின் இடம் என்று ஒரு தடவையும் நினைத்துப் பார்க்கவில்லை. மூன்று வாரமாக அவள் பெயரை நேராக்கத்தானே அலைந்தேன்!

தாணு பேனாவைக் கீழே வைத்தான். "மேடம், ஒரு டீ குடிச்சிட்டு வரலாமா?"

"தாராளமா. அவசரமே இல்ல" என்றார் அவர்.

சாலைக்கு எதிரே ஒரு டீக்கடை. மழை தூறிக்கொண்டிருந்தது. தாணு டீயை வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஹாஸ்டல்ல சேக்கும்போ கார்டியன்னு எழுதுவாவல்லா அத்தான், அது மாதிரின்னு நெனச்சுக்கிட்டேன்."

"தத்துன்னா தத்துதான் மாப்ள. ஃபோன்ல சொன்னேனே."

"சொன்னிய. எனக்க மண்டையிலதான் ஏறல." கிளாஸைப் பலகையில் வைத்தான். "பேரு மட்டும்னா கையெழுத்து போட்டிருப்பேன். அவிய ஏன் குடுக்கியன்னு கேட்டாவல்லா? வேலைன்னு சொன்னேன். சொல்லும்போதே எனக்குத் தெரிஞ்சுது அது இல்லன்னு. வண்டி ஓட்டுத வேல இங்கயும் உண்டும். அவ இல்லாத ஊருக்கு வரப் பயந்துதான் நான் அங்கயே நிக்கேன். பிள்ளைக்கு நல்லதுன்னு உங்ககிட்ட சொன்னது எனக்கு நானே சொல்லிக்கிட்டது."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கப் போவதில்லை. "இத போன வருசம் யோசிச்சிருக்கக் கூடாதா தாணு? ஷீபா உனக்க பிள்ளைக்காக நைட் டூட்டிய விட்டிருக்கா. வீட்டுக்கு ஆள் வந்து அலமாரியத் தொறந்து பாத்துட்டுப் போயிருக்கான். அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"என்னைய அடிங்க அத்தான்" என்றான். "ஆனா நான் போட மாட்டேன்."

அவன் அழவில்லை. நானும் அழவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டு பேரும் திரும்பி உள்ளே போனோம். தாணு சொன்னதை அலுவலர் முழுவதும் கேட்டார். "போடாம போறதும் உங்க உரிமைதான். அதுக்குத்தான் நான் வாசிக்கிறதே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும் சார். கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க" என்றார். பக்கத்து அறையில் நிஷா யாரோ கொடுத்த தாளில் வீடு வரைந்துகொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு விஷயம் போகவே இல்லை.

அவர்கள் தோவாளைக்குப் போனார்கள். நான் இரணியல் வழியாகப் போகும் திங்கள்சந்தை வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வில்லுக்குறி தாண்டியும் கையில் இருந்த டிக்கெட்டைப் பையில் போடத் தோன்றவில்லை. என் இறங்குமிடமும் தாண்டிப்போனது; மழையில் நடந்து திரும்பினேன்.

சாயங்காலம் ஷீபாவைக் கூப்பிட்டேன். அங்கே மதியம். நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

"பிள்ள மத்தியானம் சாப்பிட்டாளா?" என்று கேட்டாள்.

"தெரியல ஷீபா. அவன் கூட்டிட்டுப் போனான்."

"கேளுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தாணுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். வடசேரியில் இரண்டு பேரும் பரோட்டா சாப்பிட்டார்களாம். அதை ஷீபாவுக்கு எழுதி அனுப்பினேன். அன்றைக்கு எங்களுக்குள் அவ்வளவுதான்.

அயர்லாந்துக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை தோவாளைக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தது. போகாவிட்டால் பிறகு எப்போதும் போக முடியாது என்றும் தோன்றியது. நிஷா மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, தாளெல்லாம் மழையில நனஞ்சு போச்சா?"

"இல்ல மக்கா. எல்லாம் பத்திரமா இருக்கு. நீ அப்பாகூட இருக்கப் போற, அதனால அது இப்பம் வேண்டாம்."

"அப்பா போகமாட்டாவளாம். என்கிட்ட சொன்னாவ." குரலைத் தாழ்த்தினாள். "நெசமா மாமா?"

தாணு வாசலில் நின்றுகொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"நெசம்தான்" என்றேன்.

இதை எழுதும்போது நான்கு மாதம் ஆகிறது. தாணு குவைத்துக்குப் போகவில்லை. விடிகாலையில் தோவாளைச் சந்தையில் பூ ஏற்றி, வேனில் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகிறான். நிஷா பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் திரும்பிவிடுகிறான். அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு எடுத்திருக்கிறார்கள். அவன் வைக்கும் சாம்பாரைப் பற்றி வாரா வாரம் நிஷா ஷீபாவிடம் புகார் சொல்கிறாள். முதல் மாதம் அந்த வீடியோ அழைப்புகளில் ஷீபா சிரித்தாள், வைத்ததும் குளியலறைக்குப் போய்விட்டாள். இப்போது அப்படிப் போவதில்லை.

இனி, இதே வழியில் போகப்போகிறவர்களுக்கு. ஒரே ஆளின் பெயர் எல்லாச் சான்றிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்னால் பாருங்கள். குழந்தையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் என்னுடைய மூன்று வாரம் உங்களுக்கு ஒரு வாரம். மழைக்காலத்தில் வந்தால் தாள்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை இன்னொரு பையில் போடுங்கள். அலுவலகங்களுக்கு வேலை தொடங்கியதும் போய்விடுங்கள். மதியத்துக்குப் பிறகு பல அலுவலர்கள் வெளி விசாரணைக்குப் போய்விடுகிறார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அதனால் நான் எழுதியதை நம்பிப் புறப்படாமல் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. கடைசியில் கையெழுத்தாகும் அந்தச் சம்மதப் படிவத்தை முதல் நாளே வாங்கி, குழந்தையைக் கொடுப்பவர் எதிரில் உட்கார்ந்து, அந்த அலுவலர் அம்மா வாசித்தது போல வரி வரியாக வாசியுங்கள். ஃபோனில் அல்ல, நேரில். பெயர் மாறும் இடத்தில் நிறுத்தி, அவர் முகத்தைப் பாருங்கள். அவர் வேண்டாம் என்றால் அது அன்றைக்கே தெரிந்துவிடும். வேண்டும் என்றால் நீங்கள் அலையும் ஒவ்வொரு பேருந்துப் பயணத்துக்கும் அர்த்தம் இருக்கும்.

எங்கள் பக்கத்துத் தாள்களில் பல இன்னும் செல்லும். அயர்லாந்து அறிக்கையில் ஒரு பகுதியை மட்டும் திருத்தினால், ஊரில் பெற்றோர் இல்லாத வேறொரு குழந்தைக்குப் பதிவு செய்யலாம் என்று ஏஜென்சியில் சொன்னார்கள். நான் அதை ஷீபாவிடம் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவளே மடிக்கணினியில் பதிவுப் படிவத்தைத் திறந்து எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்; ஏஜென்சியில் அவளும் கேட்டிருக்கிறாள். எந்த வயதுக் குழந்தை என்ற கேள்வி வந்தது. ஒரு வயதுக்குள் என்று அவள் சொல்வாள் என்று நினைத்தேன்; பதினான்கு வருடமும் அவள் பேசியது கைக்குழந்தையைப் பற்றித்தான்.

"பெரிய பிள்ளைன்னு போடுங்க" என்றாள். "ஏழோ எட்டோ. நம்மகிட்ட கேள்வி கேக்கணும்."

போட்டேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இன்னும் பார்க்கவில்லை.